பியர்சனின் பத்துப் புள்ளிகள்

1901 நவம்பரில் லண்டனில் வெளிவந்த ‘பிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் கார்ல் பியர்சன் எழுதிய கட்டுரை ஒன்றில் பத்துப் புள்ளிகள் இருக்கின்றன. முதல் புள்ளிக்கு எக்ஸ் 0.0, ஒய் 5.9. அடுத்ததற்கு 0.9, 5.4. பிறகு 1.8க்கு 4.4, 2.6க்கு 4.6, 3.3க்கு 3.5, 4.4க்கு 3.7, 5.2க்கு 2.8, 6.1க்கு மறுபடியும் 2.8, 6.5க்கு 2.4, கடைசியாக 7.4க்கு 1.5. வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு வரிசை தெரியும். நேர்கோடு என்று சொல்லிவிட முடியாது. நேர்கோட்டை நினைவுபடுத்தும், அவ்வளவுதான். கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக வைக்கப்பட்ட எண்கள் அவை.

ஆனால் அந்தக் கட்டுரையோடு அவை நின்றுவிடவில்லை. 65 ஆண்டுகள் கழித்து, டொரண்டோவில் பாறைகளின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கைக்குப் போயின. அங்கிருந்து இயற்பியல் ஆசிரியர்களின் இதழுக்கும், கடைசியில் கணினி நிரல்களின் சோதனைக் கோப்புக்கும் போயின. வழியில் அவற்றின் ஊடே வேறு வேறு கோடுகள் வரையப்பட்டன. பத்து எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. கோடு மட்டும் மாறியது.

பள்ளியிலோ கல்லூரியிலோ கொஞ்சம் புள்ளியியல் படித்தவர் இந்தப் புள்ளிகளைக் கண்டால் மீச்சிறு வர்க்க முறையைத்தான் எடுப்பார். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் அச்சில் கொண்டுவந்த முறை அது. காஸ் 1809இல் அதே முறையைத் தன் நூலில் விரித்து எழுதினார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்தத் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பியர்சனின் பத்துப் புள்ளிகளுக்கு இப்படிக் கணக்கிட்டால் சாய்வு −0.5396 வருகிறது.

இப்போது தாளைத் திருப்பி வைத்து, எக்ஸை ஒய்யாகவும் ஒய்யை எக்ஸாகவும் எடுத்து அதே முறையில் கணக்கிடுவோம். கிடைக்கும் கோட்டை மறுபடி பழைய நிலைக்குத் திருப்பிப் பார்த்தால் அதன் சாய்வு −0.5659. அதே புள்ளிகள், அதே முறை, இரண்டு கோடுகள். இரண்டும் புள்ளிகளின் நடுமையமான 3.82, 3.70 என்ற இடத்தில் மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பிரிந்து போகின்றன.

இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. முதல் கணக்கு ஒய்யை மட்டும் சந்தேகப்படுகிறது. புள்ளி கோட்டில் விழாமல் போனதற்கு ஒய்யை அளந்ததில் வந்த பிழைதான் காரணம், எக்ஸ் அப்பழுக்கற்றது என்று அது எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கணக்கு முழுப் பழியையும் எக்ஸ் மேல் போடுகிறது. எக்ஸையும் ஒரு மனிதர் ஒரு கருவியை வைத்து அளந்திருந்தால் இந்த இரண்டு எடுகோள்களும் பொய். முறையின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் பல, அது சுமந்து வரும் இந்த எடுகோளைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இரண்டு கோடுகள் வருவது பியர்சனுக்குப் புதிதல்ல. அவருடைய வழிகாட்டியான பிரான்சிஸ் கால்டன் 1886இல் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் அட்டவணையிட்டபோது இதே இரட்டைக் கோடுகளைக் கண்டிருந்தார். பெற்றோரின் உயரத்தை வைத்துப் பிள்ளையின் உயரத்தை ஊகிக்க ஒரு கோடு. பிள்ளையின் உயரத்தை வைத்துப் பெற்றோரின் உயரத்தை ஊகிக்க இன்னொன்று. ஊகிப்பது மட்டும் நோக்கம் என்றால் இரண்டும் சரியே. கையில் இருக்கும் அளவீட்டைக் கொண்டு அடுத்ததைக் கணிக்க வேண்டும், வேறொன்றும் தெரிய வேண்டாம் என்பவருக்கு இன்றும் மீச்சிறு வர்க்கக் கோடு போதும். ஆனால் ஒரு இயற்பியலாளர் தேடுவது ஊகத்தை அல்ல. இரண்டு அளவுகளுக்கும் இடையில் இயற்கை வைத்திருக்கும் ஒரே உறவை அவர் தேடுகிறார். அதற்கு இரண்டு சாய்வுகள் இருக்க முடியாது.

பியர்சன் கட்டுரையின் தொடக்கத்திலேயே இந்தச் சிக்கலைத் தொடுகிறார்: இயற்பியலிலும் உயிரியலிலும் சாராமாறி என்று நாம் அழைப்பதிலும் மற்றதைப் போலவே பிழை உண்டு. அவர் காட்டிய வழி எளிமையானது. தூரத்தை மேல்கீழாகவும் அளக்க வேண்டாம், பக்கவாட்டிலும் அளக்க வேண்டாம். புள்ளியிலிருந்து கோட்டுக்கு மிகக் குறுகிய தூரமான நேர்ச்செங்குத்தை அளப்போம். அந்தத் தூரங்களின் வர்க்கக் கூட்டு மிகக் குறைவாக இருக்கும் கோடே புள்ளிகளுக்கு மிக நெருங்கிய கோடு. பத்துப் புள்ளிகளுக்கும் அப்படிக் கிடைத்த சாய்வு −0.5456, ஒய் அச்சை அது வெட்டும் இடம் 5.784. முந்தைய இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அது ஓடுகிறது. எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினாலும் கோடு மாறாது.

அதே கட்டுரையில் பியர்சன் கோட்டோடு நிற்காமல் தளத்துக்கும், அதைவிட அதிகப் பரிமாணங்களுக்கும் போனார். முதன்மைக் கூறுகள் என்ற பெயரில் இன்று மரபணு ஆய்வு முதல் முக அடையாளம் காணும் நிரல்கள் வரை புழங்கும் முறையின் வேர் அந்தக் கட்டுரைதான். 1933இல் ஹரால்ட் ஹோட்டலிங் அதைத் தனியாக வளர்த்தெடுத்தார். பியர்சன் கால்டனைப் போலவே இனமேம்பாட்டுக் கொள்கையைத் தீவிரமாகப் பரப்பியவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பணியாற்றிய யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் 2020இல் அவர் பெயரைத் தன் கட்டடத்திலிருந்து எடுத்துவிட்டது. கணக்கு நிற்கிறது, மனிதரைப் பற்றிய மதிப்பீடு அந்தக் கணக்கால் மாற வேண்டியதில்லை.

செங்குத்துத் தூரம் என்ற எண்ணம் பியர்சனுக்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மாயின் என்ற ஊரிலிருந்து ஜோயல் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் 1874 முதல் ‘தி அனலிஸ்ட்’ என்ற கணித இதழை நடத்திவந்தார். 1877இலும் 1878இலும் அதில் ஆர். ஜே. ஆட்காக் எழுதிய சின்னஞ்சிறு குறிப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம்தான். எக்ஸ், ஒய் இரண்டிலும் பிழை சம வாய்ப்போடு வரும் என்றால் கோடு புள்ளிகளின் ஈர்ப்பு மையம் வழியாகப் போகும், செங்குத்துத் தூரங்களைத்தான் சிறுமமாக்க வேண்டும் என்று அவர் காட்டினார். அடுத்த ஆண்டே, 1879இல், அதே இதழில் சார்லஸ் கும்மெல் அதை விரித்தார்: இரண்டு பிழைகளும் சமமாக இல்லாவிட்டால் அவற்றின் விகிதம் தெரிய வேண்டும், தெரிந்தால் கணக்கை முடிக்கலாம். இதழ் 1883இல் நின்றுபோனது. பெருநகரப் பல்கலைக்கழகங்களின் இதழ்கள் எட்டாத ஒரு இடத்தில், சில பக்கங்களில், கேள்வியின் எலும்புக்கூடு முழுவதும் எழுதப்பட்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆட்காக்கின் மேல் மரியாதை கூடுகிறது.

கும்மெல் கேட்ட அந்த விகிதம்தான் பியர்சனின் தீர்வில் ஒளிந்திருக்கும் ஓட்டை. செங்குத்துத் தூரம் என்பது அளவலகைப் பொறுத்தது. பத்துப் புள்ளிகளில் எக்ஸ் சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மில்லிமீட்டருக்கு மாற்றினால் எல்லா எக்ஸ் மதிப்புகளும் பத்து மடங்காகும். பியர்சனின் முறையை மறுபடி ஓட்டி, விடையைத் திரும்பச் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் சாய்வு −0.5456 அல்ல, −0.5397. ஏறத்தாழ மீச்சிறு வர்க்கக் கோட்டுக்கே திரும்பிவிட்டோம். அலகை மாற்றியதால் இயற்கையின் விதி மாறாது. எக்ஸின் பிழையும் ஒய்யின் பிழையும் எண்ணளவில் சமம் என்று பியர்சனின் கோடு சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது. அலகை மாற்றியதும் அந்த எடுகோள் குலைந்துவிட்டது.

1901க்குப் பிறகு பத்துப் புள்ளிகள் நூலக அலமாரியில் இருந்தன. கேள்வி மட்டும் ஊர் ஊராகப் போனது.

1904இல் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன், அளவீட்டுப் பிழை இரண்டு குணங்களுக்கு இடையிலான ஒட்டுறவை எப்போதும் உள்ளதைவிடச் சிறிதாகவே காட்டும் என்று கண்டு, அதைத் திருத்தச் சூத்திரம் கொடுத்தார். காரணத்தைச் சொல்லிவிடலாம். எக்ஸின் உண்மை மதிப்புகள் ஒரு குறிப்பிட்ட அகலத்தில் பரவியிருக்கின்றன. அளக்கும்போது சேரும் பிழை அந்தப் பரவலை இன்னும் அகலமாக்குகிறது. ஒய் பக்கம் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, எக்ஸ் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டால் கோடு தட்டையாகும். உண்மைப் பரவலின் வர்க்கம், மொத்தப் பரவலின் வர்க்கத்தில் எத்தனை பங்கோ, சாய்வும் அத்தனை பங்காகக் குறையும். புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர் உண்டு. ஆகாது. பத்து புள்ளி பத்து லட்சமானாலும் தட்டையான கோடு தட்டையாகவே இருக்கும். தவறான விடை இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவே.

பொருளாதாரத்தில் நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் 1934இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். உண்மைச் சாய்வு மேலே பார்த்த இரண்டு மீச்சிறு வர்க்கக் கோடுகளுக்கும் இடையில் எங்கோ இருக்கும் என்பது அந்த வழியில் கிடைத்த பயனுள்ள எல்லை. இன்னொரு நார்வேக்காரரான ஒலாவ் ரெய்யர்சோல் 1950இல் கதவை இறுக்கி மூடினார். உண்மை மதிப்புகளும் பிழைகளும் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருந்தால், வெறும் புள்ளிகளை மட்டும் வைத்து ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்று நிறுவினார். எண்ணற்ற கோடுகள் அதே புள்ளிகளோடு சமமாக ஒத்துப்போகும். வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தாக வேண்டும்: கருவி எவ்வளவு பிழைக்கும், அல்லது இரண்டு கருவிகளின் பிழை விகிதம் என்ன, அல்லது அதே ஆளைத் திரும்ப அளந்தால் என்ன வரும். அதே 1950இல் மேயோ கிளினிக்கின் ஜோசப் பெர்க்சன் ஒரு விதிவிலக்கையும் காட்டினார். எக்ஸை நாம் அளக்கவில்லை, கருவியின் முள்ளை ஒரு குறியில் நிறுத்தி வைக்கிறோம், உண்மை மதிப்பு அந்தக் குறியைச் சுற்றி ஊசலாடுகிறது என்றால் பழைய மீச்சிறு வர்க்கக் கோடு தட்டையாகாது. பிழை எங்கே நுழைகிறது என்பதைப் பொறுத்து கணக்கே மாறுகிறது.

இது வெறும் கணித நுணுக்கம் என்று தோன்றினால் இரத்த அழுத்தக் கதையைக் கேட்க வேண்டும். ஒருவரின் அழுத்தத்தை ஒரு நாள் ஒரு தடவை அளக்கிறோம். அன்று அவர் படியேறி வந்திருக்கலாம், பயந்திருக்கலாம், கருவி கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்து, யாருக்குப் பக்கவாதம் வந்தது, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணுகிறோம். வரையும் கோடு கட்டாயம் தட்டையாகத்தான் வரும். அதாவது அழுத்தத்தின் ஆபத்து உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 1990இல் ‘லான்செட்’ இதழில் ஸ்டீஃபன் மக்மஹோன், ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் ஒன்பது நெடுங்கால ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் 4,20,000 பேர். 843 பக்கவாதங்கள், 4,856 இதயநோய் நிகழ்வுகள். ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் அதே மனிதர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து எடுத்த மறு அளவீடுகளை வைத்து ஒற்றை அளவீட்டின் பிழையைக் கணக்கிட்டார்கள். திருத்திய பிறகு அழுத்தத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு, திருத்தாத முந்தைய கணக்குகளைவிட ஏறத்தாழ 60 சதவீதம் வலுவாக இருந்தது. வழக்கமான டயஸ்டாலிக் அழுத்தம் 5 மில்லிமீட்டர் குறைவாக உள்ளவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது 34 சதவீதமும், இதயநோய் குறைந்தது 21 சதவீதமும் குறைவு. ஆய்வில் இருந்தவர்களிடம் புதிதாக எதையும் அளக்காமல், ஏற்கெனவே இருந்த எண்களின் நம்பகத்தை மட்டும் கணக்கில் எடுத்ததால் வந்த வேறுபாடு இது. அந்த 60 சதவீதத்துக்குள் எத்தனை பேருடைய சிகிச்சை முடிவு அடங்கியிருக்கும் என்று யோசித்தால், தட்டையான கோடு ஒன்று எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பது தெரியும்.

இரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே மாதிரிகளை அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் சாய்வு 1 வர வேண்டும். பழைய கருவியை அப்பழுக்கற்றதாக எடுத்துக்கொண்டால் அதன் பிழையே சாய்வை 1க்குக் கீழே இழுத்து, புதியதன் மேல் வீண்பழி போடும். அங்கே கைகொடுத்தது எட்வர்ட்ஸ் டெமிங் 1943இல் எழுதிய நூல். பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கற்பித்த அதே டெமிங். பிழை விகிதத்தைக் கொடுத்தால் கோட்டைத் தரும் சூத்திரத்துக்கு மருத்துவ வேதியியலில் இன்று அவர் பெயர். அதன் சாரம் கும்மெல் அரை நூற்றாண்டுக்கும் முன்பு சொன்னதுதான்.

பத்துப் புள்ளிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது பாறைகளின் வழியாக.

ருபிடியம்-87 என்ற ஓரிடத்தான் கதிரியக்கத்தால் மெல்ல மெல்ல ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறுகிறது. பாதி மாறுவதற்குக் கிட்டத்தட்ட 5000 கோடி ஆண்டுகள். உருகிய குழம்பு உறைந்து பாறையாகும்போது அதிலுள்ள கனிமங்கள் ருபிடியத்தை ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்ட்ரான்ஷியத்தின் இரண்டு ஓரிடத்தான்களுக்கு இடையிலான விகிதம் மட்டும் எல்லாக் கனிமத்திலும் ஒன்றாகவே இருக்கும். எக்ஸ் அச்சில் ருபிடியம்-87க்கும் ஸ்ட்ரான்ஷியம்-86க்கும் உள்ள விகிதம், ஒய் அச்சில் ஸ்ட்ரான்ஷியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் என்று குறித்தால், பிறந்த அன்று எல்லாக் கனிமங்களும் படுக்கைக்கோட்டில் இருக்கும். காலம் போகப் போக ருபிடியம் அதிகம் உள்ள கனிமம் வேகமாக மேலே ஏறும். கோடு கடிகார முள் போலச் சாய்ந்து எழும்பும். சாய்வு பாறையின் வயதைச் சொல்லும். ஒய் அச்சை வெட்டும் இடம் அது பிறந்த குழம்பு எத்தகையது என்பதைச் சொல்லும். கிளேர் பேட்டர்சன் 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், இதில் 7 கோடி கூடலாம் குறையலாம் என்று அறிவித்ததும் இத்தகைய ஒரு கோட்டினால்தான். அங்கே தனிமம் ஈயம், புள்ளிகள் மூன்று கல் விண்கற்களும் இரண்டு இரும்பு விண்கற்களும்.

கோட்டின் சாய்வு கொஞ்சம் நகர்ந்தால் பாறையின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்துவிடும். எக்ஸ், ஒய் இரண்டும் நிறை நிறமாலைமானியில் அளக்கப்பட்ட விகிதங்கள். இரண்டிலும் பிழை. அதுவும் எல்லா மாதிரிக்கும் ஒரே அளவான பிழை அல்ல. ஸ்ட்ரான்ஷியம் நிறைய உள்ள கனிமம் துல்லியமாகப் படியும், மிகக் குறைவாக உள்ளது தடுமாறும். பியர்சனின் முறை, டெமிங்கின் விகிதம் இரண்டும் இங்கே போதாது. ஒவ்வொரு புள்ளியும் தன் தன் பிழையைத் தானே சுமந்து வர வேண்டும்.

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டெரெக் யார்க் 1966இல் ‘கனேடியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் இதற்கு விடை எழுதினார். ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸில் ஒரு நிறை, ஒய்யில் ஒரு நிறை. நிறை என்பது பிழையின் வர்க்கத்தின் தலைகீழ். நம்பிக்கை கூடக் கூட நிறை கூடும். முறையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு எண்கள் வேண்டியிருந்தன. அலமாரியிலிருந்த பியர்சனின் பத்துப் புள்ளிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நிறை கொடுத்தார். எக்ஸ் பக்கம் முதல் புள்ளிக்கு 1000. அது பெரும்பாலும் குறைந்துகொண்டே வந்து கடைசிப் புள்ளிக்கு 1. ஒய் பக்கம் நேர்மாறாக, முதல் புள்ளிக்கு 1, கடைசிக்கு 500. அதாவது இடது கோடியில் எக்ஸ் உறுதியாகத் தெரியும், ஒய் தடுமாறும்; வலது கோடியில் ஒய் உறுதி, எக்ஸ் தடுமாற்றம். வேண்டுமென்றே கடினமாக அமைத்த சோதனை அது. இப்படி ஒரு தலைகீழ்ச் சரிவைக் கொடுத்தால், அரைகுறையான எந்த முறையும் தப்பிக்க முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு சுழல் இருக்கிறது. எக்ஸின் பிழை ஒய் திசையில் எவ்வளவு பிழையாகத் தெரியும் என்பது கோட்டின் சாய்வைப் பொறுத்தது. சாய்வு தெரிந்தால்தான் நிறைகளைச் சேர்க்க முடியும். நிறைகளைச் சேர்த்தால்தான் சாய்வு கிடைக்கும். ஆகவே ஒரு ஊகத்தோடு தொடங்கி, திருத்தி, மறுபடி திருத்தி, விடை நிலைக்கும் வரை சுற்ற வேண்டும். சுற்றி முடித்தால் சாய்வு −0.4805. ஒய் அச்சை வெட்டும் இடம் 5.480.

இந்த எண்ணுக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய இரண்டு கோடுகளின் சாய்வுகள் −0.5396, −0.5659. உண்மை அவற்றின் இடையில் இருக்கும் என்ற ஃபிரிஷின் எல்லையை நினைவில் வைத்திருந்தால், யார்க்கின் கோடு அந்த எல்லைக்கு வெளியே போயிருப்பது தெரியும். முரண்பாடு எதுவும் இல்லை. எல்லாப் புள்ளிகளின் பிழையும் ஒரே அளவு என்ற நிபந்தனையில்தான் அந்த எல்லை நிற்கும். யார்க் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார். எக்ஸ் நிறையையும் ஒய் நிறையையும் சாய்வின் வழியாக ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ள நான்கு நடுப் புள்ளிகள் மொத்த நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. அவற்றில்தான் இரண்டு அளவும் ஓரளவு நம்பத்தக்கவை. 0.0, 5.9 என்ற முதல் புள்ளிக்கு ஒய் தெரியாது, 7.4, 1.5 என்ற கடைசிப் புள்ளிக்கு எக்ஸ் தெரியாது. பியர்சனின் கோட்டை அதிகச் சரிவாக இழுத்துப் பிடித்திருந்தவை இந்த இரண்டு கோடிகளும் அவற்றை ஒட்டியவையும்தான். அவற்றின் பிடி தளர்ந்ததும் கோடு சாய்ந்து படுத்தது.

ஒரு கோட்டை உருவாக்குவது புள்ளிகளின் இடம் மட்டும் அல்ல, அவற்றை அளந்தவர் தன் அளவீட்டைப் பற்றி எழுதிவைத்த நம்பிக்கையும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. பியர்சனின் பத்துப் புள்ளிகளில் அந்தப் பாதிச் செய்தி 65 ஆண்டுகள் காலியாகவே இருந்தது. யார்க் நிரப்பிய நிறைகளும் சோதனைக்காக வைத்தவைதான். ஆனால் நிரப்பிய பிறகுதான் ‘யார்க் நிறைகளோடு பியர்சன் தரவு’ என்ற நிலையான பெயர் அவற்றுக்குக் கிடைத்தது.

யார்க் 1969இல் இன்னொரு அடி எடுத்து வைத்தார். பாறை வேலையில் எக்ஸும் ஒய்யும் பெரும்பாலும் விகிதங்கள். இரண்டுக்கும் அடியில் ஒரே ஓரிடத்தான் இருக்கும். ஈயத்தில் அது ஈயம்-204, மிகச் சொற்பமாக இருப்பது. அதன் அளவு சற்றுப் பிசகினால் எக்ஸும் ஒய்யும் சேர்ந்தே ஒரே திசையில் பிசகும். பிழைகள் தனித்தனி அல்ல, கைகோத்து வருபவை. வரைபடத்தில் அவற்றைக் குறிக்கச் சிலுவைக் குறி போதாது. சாய்ந்த நீள்வட்டம் வேண்டும். இன்று பாறை வயது பற்றிய எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் சாய்ந்த நீள்வட்டங்களைக் கோர்த்துச் செல்லும் ஒரு கோட்டைப் பார்க்கலாம். பெர்க்லியின் கென்னத் லட்விக் எழுதிய ‘ஐசோப்ளாட்’ நிரல் அந்தக் கணக்கை உலகெங்குமுள்ள பாறை ஆய்வகங்களுக்குக் கொண்டுபோனது.

கோடு கிடைத்துவிட்டால் வேலை முடிவதில்லை என்பதையும் பாறைக்காரர்கள் கற்றார்கள். பிழைகளை உண்மையாக எழுதியிருந்தால், புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவும் அந்தப் பிழைகளுக்கு ஏற்பவே இருக்க வேண்டும். நிறையிட்ட விலகல் வர்க்கங்களின் சராசரி 1ஐ ஒட்டி வர வேண்டும். மிகப் பெரிதாக வந்தால் ஒன்று பிழைகளைக் குறைத்துச் சொல்லியிருக்கிறோம், இல்லையென்றால் அந்தக் கனிமங்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பின்னால் வந்த வெப்பமோ நீரோ அவற்றைக் கலைத்திருக்கிறது. மிகச் சிறிதாக வந்தால் பிழைகளை ஊதிப் பெருக்கியிருக்கிறோம். பத்துப் புள்ளிகளுக்கு இந்தச் சராசரி 1.48. எட்டே சுதந்திரப் படிகள் (பத்துப் புள்ளிகளில் சாய்வுக்கும் வெட்டுக்கும் இரண்டு போக மீதி) உள்ள தரவுக்கு அது ஏற்கத்தக்கதுதான்.

யார்க்கும் மூன்று கூட்டாளிகளும் 2004இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் எல்லாவற்றையும் ஒரே தொகுதிச் சூத்திரங்களாகச் சுருக்கி எழுதினார்கள். மீச்சிறு வர்க்க வழியில் வந்தாலும் அதிகபட்ச நிகழ்தகவு வழியில் வந்தாலும் சாய்வும் அதன் பிழையும் ஒன்றே என்று காட்டினார்கள். எடுத்துக்காட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது மறுபடியும் அதே பத்துப் புள்ளிகள். சாய்வு −0.4805, அதில் பிழை 0.058, வெட்டு 5.480, அதில் பிழை 0.295. முதல் தடவையாக அல்ல என்றாலும், அந்தப் புள்ளிகள் தம் கோட்டைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பது அங்கே நேர்த்தியாக நிறுவப்பட்டது.

இதற்கிடையில் கணினிப் பக்கம் இன்னொரு கிளை வளர்ந்திருந்தது. ஜீன் கோலப்பும் சார்லஸ் வான் லோனும் 1980இல் முழு மீச்சிறு வர்க்கம் என்ற பெயரில் அணிகளின் மொழியில் இதே சிக்கலைத் தீர்த்தார்கள். 1980களின் இறுதியில் பால் பாக்ஸ், ரிச்சர்ட் பேர்ட், ராபர்ட் ஷ்னாபெல் முதலியோர் நேர்கோடு மட்டுமல்லாமல் வளைகோடுகளுக்கும் இது செல்லும்படி ‘ஓடிஆர்பேக்’ என்ற ஃபோர்ட்ரான் நிரல் தொகுப்பை உருவாக்கினார்கள். பிற்பாடு அது பைத்தான் மொழியின் ‘சைபை’ நூலகத்துக்குள் வந்தது. அதோடு சேர்ந்து பத்துப் புள்ளிகளும் வந்தன.

நூலகத்தின் சோதனைக் கோப்பில் பியர்சன் பெயரிலேயே ஒரு சோதனை எழுதப்பட்டது. 0.0, 0.9, 1.8 என்று அதே எண்கள். யார்க்கின் நிறைகள் பிழைகளாக மாற்றப்பட்டு ஒன்றிரண்டு இலக்கத்துக்குச் சுருக்கப்பட்டிருந்தன: முதல் புள்ளிக்கு எக்ஸில் 0.03, ஒய்யில் 1; கடைசிப் புள்ளிக்கு எக்ஸில் 1, ஒய்யில் 0.04. அந்தச் சுருக்கத்தால் விடையும் சற்று நகர்ந்து, சாய்வு −0.4796 என்றும் வெட்டு 5.4767 என்றும் வருகிறது. நிரலை யாராவது திருத்திச் சோதனையை ஓட்டினால் இந்த எண்கள் வந்தாக வேண்டும்.

சோதனை அங்கே முடியவில்லை. அடுத்த வரிகளில் எக்ஸும் ஒய்யும் இடம் மாற்றப்பட்டு, அவற்றின் பிழைகளும் கூடவே இடம் மாற்றப்பட்டு, கணக்கு மறுபடி ஓடுகிறது. இந்தத் தடவை சாய்வு −2.0850, வெட்டு 11.4192. 1ஐ 0.4796ஆல் வகுத்தால் 2.085, 5.4767ஐ 0.4796ஆல் வகுத்தால் 11.419. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே கோடு.